நாலாவது கேன்

வெள்ளமடம் விலக்கைத் தாண்டியதும் ஜீப் ஒருமுறை இருமியது. இன்னும் நூறு கஜம் ஓடிப் பார்த்தது. பிறகு வயலோரத்துப் பூவரச மரத்தடியில் நின்றேவிட்டது.

“ஆளு போயாச்சு, அண்ணாச்சி,” என்றான் மரியஜான், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டே. “பெட்ரோலைப் போய் காலன் கணக்குல அளக்கானுவ. பேரே சரியில்ல.”

சுயம்புலிங்கம் குனிந்து மைல் மீட்டரைப் பார்த்தார். மடியிலிருந்த பழைய நோட்டைப் புரட்டினார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

“பதினாறு மைல். இதை வாசி.”

நோட்டில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: ‘1948 ஆடி மாசம். கோட்டாற்றிலிருந்து பணகுடிப் பக்கம் போக, காற்று முதுகில்: காலனுக்கு இருபது மைல். திரும்பி வர, காற்று முகத்தில்: பதினாறு. தார் ரோட்டுக்குப் பதினெட்டு என்று வைக்கவும். மணலில் நாலு சக்கரமும் இழுக்கும்போது பத்து. மணலில் விரட்டினால் ஏழு.’

காலையில் தொட்டியைக் காலி செய்து, அளந்து ஒரே ஒரு காலன் ஊற்றிக்கொண்டு கோட்டாற்றிலிருந்து கிளம்பியிருந்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று பின்னாலிருந்து தள்ள, பணகுடியைத் தாண்டி இருபதாவது மைலில் வண்டி நின்றது. அங்கே இன்னொரு காலன் ஊற்றித் திரும்பினார்கள். அதே காற்று இப்போது முகத்தில் அறைந்தது. அந்தக் காலன் பதினாறாவது மைலில் தீர்ந்தது.

“காத்துக்குக்கூட கணக்கு வச்சிருக்கான் மனுஷன்,” என்றான் மரியஜான்.

“அவன்தான் பெட்ரோல் கணக்குல தப்புப் பண்ணி முதலாளியச் சாவக் கொடுத்தான்னு ஊரு சொல்லுது,” என்றார் அவர்.

சுயம்புலிங்கம் திருவிதாங்கூர் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். மேலதிகாரி ஒருவரின் மைத்துனனைக் கைது செய்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது நாகர்கோவிலில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, போலீஸ் மூடிவைத்த விஷயங்களைத் திறந்து பார்த்துப் பிழைக்கிறார். மரியஜான் முட்டத்துக்காரன். கடலுக்குப் போகப் பயந்து கரையேறியவன் என்று அவன் ஊரில் பேச்சு. கேட்டால், “பயமில்ல, மீனுக்க மேல இரக்கம்” என்பான்.

நோட்டு யேசுரத்தினத்தினுடையது. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, எகிப்துப் பாலைவனத்தில் லாரி ஓட்டியவன். திரும்பி வந்ததும் கோட்டாற்று உப்பு வியாபாரி முத்துநாயகத்திடம் டிரைவராகச் சேர்ந்தான். முத்துநாயகம் பட்டாளத்துப் பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை அதில் போய் வர வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அதற்கு ஒத்திகையாகத்தான் போன மாதம், 1949 ஆனியில், இருவரும் கிளம்பினார்கள். தார் ரோட்டில் மண்டபம் வரை போவது, திரும்பும்போது கடற்கரை மணலிலேயே வருவது என்று திட்டம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். திருவிதாங்கூர்க் கூப்பன் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் செல்லாது. ஆகவே முழுப் பயணத்துக்கும் வேண்டியதைப் புறப்படும்போதே கொண்டுபோக வேண்டும்.

கடைசி நாள் விடியற்காலை, உவரிக்குப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில், படுக்கையைச் சுருட்டும்போது முத்துநாயகத்தை நல்லபாம்பு தீண்டியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு முப்பது மைல். ஜீப் அரை மைல்தான் ஓடியது. யேசுரத்தினம் முதலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தான். அவன் தோளிலேயே அவர் உயிர் போயிற்று.

போலீஸ் வந்து பார்த்தபோது தொட்டி வறண்டு கிடந்தது. நான்கு கேன்களும் காலி. பெட்ரோலைக் கள்ளச்சந்தையில் விற்றுவிட்டான் என்று வழக்குப் போட்டார்கள். யேசுரத்தினம் சொன்னது ஒரே வாக்கியம்: “எனக்க கணக்கு தப்பிப்போச்சு.” அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

மூன்று நாளுக்கு முன் அவன் மனைவி நேசபாய் சுயம்புலிங்கத்தின் மாடியேறி வந்தாள். கூட வந்த அவள் அண்ணன் இஸ்ரவேல், வாடகைக் கார் டிரைவர், உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான்.

“அவிய கணக்கு தப்பாது சார்,” என்று நோட்டை நீட்டினாள் நேசபாய். “சோத்துக்கு அரிசி போட்டாக்கூட எண்ணித்தான் போடுவாவ. தப்பிப்போச்சுன்னு அவியளே சொல்லுதாவன்னா, யாரையோ காப்பாத்துதாவ. அது யாருன்னு எனக்குத் தெரியணும்.”

மரியஜான் கடைசிக் குப்பிகளில் ஒன்றைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தான். ஜீப் உயிர்பெற்று, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது.

*

கோட்டாற்றில் உப்பு மூட்டைகள் அடுக்கிய முத்துநாயகத்தின் கிட்டங்கி வாசலில் அவர் மகன் வைகுண்டராஜன் காத்திருந்தான். வழக்குக் கொடுத்தவன் அவன்தான். ஜீப்பை இரவல் கொடுத்தவனும் அவன்தான். அப்பாவுக்கு மொட்டையடித்த தலையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை.

“ஓட்டிப் பாத்தியளா? களவு தெரிஞ்சுதா?”

“உங்க அப்பாவுக்க டிரைவர் எழுதின ஒவ்வொரு எண்ணும் சரின்னு தெரிஞ்சுது,” என்றார் சுயம்புலிங்கம். “கேளுங்க. தொட்டியில பன்னிரண்டு காலன். கேனுக்கு நாலரை வீதம் நாலு கேன்ல பதினெட்டு. ஆக முப்பது. தார் ரோடு நூத்தி எண்பது மைலுக்குப் பத்து காலன். மணல் நூத்தம்பத்தஞ்சு மைலுக்குப் பதினஞ்சரை. மிச்சம் நாலரை. அந்த நாலாவது கேன் ஆபத்துக்குன்னு நோட்டுல அடிக்கோடு போட்டு எழுதியிருக்கான்.”

“எழுதினா போதுமா? வித்துப்போட்டான்.”

“பாம்பு கடிச்ச இடத்துல மைல் மீட்டர் முந்நூத்தி அஞ்சு. அதுவரைக்கும் செலவு இருபத்திரண்டரை. நாலாவது கேனை வித்திருந்தாலும் தொட்டியில மூணு காலன் இருந்திருக்கணும். அது எங்க?”

“அதையும் வித்திருப்பான்.”

“தேரிக்காட்டுலயா?” என்று கேட்டான் மரியஜான். “யாருக்கு? பனைமரத்துக்கா?”

வைகுண்டராஜன் அவனை முறைத்தான். சுயம்புலிங்கம் கண்காட்ட, மரியஜான் ஜீப்புக்கு அடியில் புகுந்து மல்லாந்தான். கொஞ்ச நேரம் அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“அண்ணாச்சி, தொட்டிக்க அடித்திருகுல புதுசா ஸ்பானர் கீறல் கிடக்கு. காலையில நாம காலி பண்ணினது ரப்பர்க் குழாய் போட்டுல்லா. இது வேற யாரோ அவசரத்துல திருகினது. திருகு தலையே மழுங்கியிருக்கு.”

சுயம்புலிங்கம் தலையசைத்தார். “பக்கத்துல ஒருத்தர் விஷம் ஏறிக் கிடக்கும்போது, ஒரு டிரைவர் தொட்டியைத் திறந்து இருந்த பெட்ரோலை மணல்ல ஓடவிட்டிருக்கான். அப்படிச் செய்ய ஒரே காரணம்தான் உண்டு. பெட்ரோலுக்குள்ள தண்ணி கலந்திருக்கு. தண்ணி அடியில தங்கும். மேல இருக்கதைக் காப்பாத்தலாம்னு திறந்திருக்கான். திருகை நேரத்துல அடைக்க முடியல.”

சுவரோரம் நான்கு கேன்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் யேசுரத்தினம் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டிருந்தான். மரியஜான் மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாக மோந்தான். “ஒண்ணு, ரெண்டு, மூணு பெட்ரோல் நாத்தம். நாலுல கிணத்து வாடை.” உள்ளே பார்ப்பதற்காகத் தீப்பெட்டியை எடுத்தான். சுயம்புலிங்கம் அவன் புறங்கையில் ஓர் அடி கொடுத்தார்.

“கிணத்து வாடைக்கு அடியில மிச்சம் மீதி இருந்தா, நீயும் முதலாளிகிட்ட போயிருவ.”

கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையின் சவரக் கண்ணாடி வந்தது. வெயிலை அதில் பிடித்து நாலாவது கேனின் வாய்க்குள் திருப்பினார்கள். தகரத்தின் அடியிலிருந்து மேலே ஏறி ஓரிடத்தில் துரு நின்றிருந்தது. அதற்குமேல் தகரம் சுத்தமாக இருந்தது. சுயம்புலிங்கம் ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு அளந்தார்.

“முக்கால் மட்டம்,” என்றார் மெதுவாக.

“அரைகுறையா ஏமாத்தினவன்,” என்றான் மரியஜான். “தண்ணிக்குமா கூப்பன்? முழுசா நிரப்பப்படாதா?”

“அங்கதான் இருக்கு விஷயம். மிச்சம் ரெண்டு குப்பி இருக்குல்லா, எடு.”

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் பெட்ரோல் நிறைய இருந்தது. காலியான மற்றதில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றச் சொன்னார். உப்பு நிறுக்கும் தராசின் இரு தட்டுகளிலும் இரண்டையும் வைத்தார். தராசு கொஞ்சம் ஆடியது. பிறகு முள் நடுவில் வந்து நின்றது.

மரியஜான் குனிந்து முள்ளை மறுபடியும் பார்த்தான்.

“தண்ணி பெட்ரோலைவிடக் கனம்,” என்றார் சுயம்புலிங்கம். “நிறைய ஊத்தினா தூக்கும்போதே யேசுரத்தினம் கண்டுபிடிச்சிருவான். முக்கால் ஊத்தினா கைக்கு வித்தியாசம் தெரியாது. இதைச் செய்தவன் பெட்ரோல் கேன் தூக்கிப் பழகினவன். மோட்டார்த் தொழில்காரன்.”

“அவனே மோட்டார்த் தொழில்காரன்தானே?” வைகுண்டராஜனின் குரல் உயர்ந்தது. “பெட்ரோலை வித்துட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருப்பான்.”

“தண்ணின்னு தெரிஞ்சவன், உங்க அப்பா உயிருக்கு ஓடும்போது அதைத் தொட்டியில ஊத்துவானா?”

வைகுண்டராஜன் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்கட்டிலிருந்து அவன் தாயார் சொர்ணம்மாள் இருமும் சத்தம் கேட்டது.

“அப்ப யாருன்னு சொல்லுங்க,” என்றான் தணிந்த குரலில். “எங்கம்மைக்கு ஒரு பேரு வேணும். ஒரு மாசமா கேக்கா.”

*

சப்-ஜெயிலில் யேசுரத்தினம் கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். சுயம்புலிங்கம் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டான். அடித்திருகு. துரு. தராசு. முள் நடுவில் நின்றது என்று சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

“கேன் நாலும் ரெண்டு ராத்திரி உங்க வீட்டுலதான் இருந்திருக்கு,” என்றார் சுயம்புலிங்கம். “உப்புக் கிட்டங்கியில வச்சா துருப்பிடிக்கும்னு நீரே வாங்கிட்டுப் போயிருக்கீரு. உங்க வீட்டுக்கு வந்துபோற மோட்டார்க்காரன் ஒருத்தன்தான். உம்ம மச்சான் இஸ்ரவேல்.”

“விட்டிருங்க சார்.”

“கள்ளனுக்காவ ஜெயிலுக்குப் போகப் போறீரா?”

“அவரு கள்ளனில்ல.” யேசுரத்தினம் எழுந்து கம்பியருகே வந்தான். “சனிக்கிழமை நான் முதலாளி கூட ஜீப் வேலைக்குப் போயிருந்தேன். எனக்க மவளுக்குத் தொண்டை அடைப்பான். மூச்சு விட முடியாம நீலம் பாஞ்சுபோச்சு. நேசம் ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டிருக்கா. அவரு வண்டியில சொட்டுப் பெட்ரோல் இல்ல. திங்கக்கிழமைதான் கூப்பன். நேசம் நாலாவது கேனைத் தூக்கி அவருகிட்ட குடுத்திருக்கா. மறுபடி நிறைச்சுக் கொண்டு வந்துரணும்னு சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரியில தொண்டையில துளை போட்டு எப்சியக் காப்பாத்துனாவ. இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தா இல்லன்னு டாக்டர் சொன்னாராம்.”

“பொறவு?”

“மருந்து வாங்க எண்பது மைலு ஓடினதுல கேன் முழுசும் தீந்துபோச்சு. மச்சானுக்கு எங்கயும் பெட்ரோல் கிடைக்கல. திங்கக்கிழமை கூப்பன் வந்ததும் மாத்திரலாம், அதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காம இருக்கட்டும்னு தண்ணி ஊத்தி வச்சாரு. நாங்க புதன்கிழமைதான் கிளம்புததா இருந்துது. ஆனா ஜோசியர் ஞாயிறுதான் நல்ல நாளுன்னு சொன்னதால முதலாளி திடீர்னு கிளம்பிட்டாரு; பிள்ளைக்கு ஆபத்து இல்லன்னு ஆனதும் நானும் போனேன். மச்சான் திங்கக்கிழமை பெட்ரோலோட வந்தப்ப ஜீப் தூத்துக்குடி தாண்டியாச்சு. இங்க வந்து இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான்தான் வாயத் திறக்கக் கூடாதுன்னேன்.”

“எதுக்கு?”

“நேசம் தாங்க மாட்டா.” அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அவ கையால எடுத்துக் குடுத்தது. பிள்ளை பிழைச்சதும் அதாலதான், முதலாளி செத்ததும் அதாலதான்னு தெரிஞ்சா, எப்சி முகத்த அவ எப்படிப் பாப்பா? அண்ணன் நிறைச்சு வச்சிட்டாருன்னுதான் இப்பவும் நினைச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும்.”

மரியஜான் வெளி வராந்தாவில் காவல்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு உள்ளே கேட்டது.

“இன்னொண்ணு இருக்கு சார். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. தொட்டியில மூணு காலன் நல்ல பெட்ரோல் இருந்துது. ஆஸ்பத்திரிக்கு முப்பது மைலு. பைய ஓட்டினா காலனுக்குப் பத்து. சரியா வந்து சேந்திருப்பேன். விரட்டினா ஏழுதான் கிடைக்கும், வழியில நின்னுரும்னு பயந்தேன். ஆபத்துக்குன்னு வச்சது இதுக்குத்தானேன்னு நாலாவது கேனை ஊத்தினேன். ஊத்தாம இருந்திருந்தா முதலாளி உயிரோட இருப்பாரு. அதனால கணக்கு தப்பிப்போச்சுன்னு நான் சொன்னது பொய்யில்ல.”

சுயம்புலிங்கம் கம்பியைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தார். நகங்களுக்குள் இன்னும் கிரீஸ் கறை இருந்தது.

“நேசத்துக்கிட்ட சொல்லாதீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன்.”

“சொல்லல,” என்றார் சுயம்புலிங்கம்.

*

வடசேரிக்கு மேற்கே, மிஷன் கோவிலுக்குப் பின்னால் யேசுரத்தினத்தின் வீடு. நேசபாய் தரையில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் வைக்கோல் திண்டு. அதில் குத்திய ஊசிகளைச் சுற்றி, நூல் சுற்றிய மரக்கட்டைகள் அவள் விரல்களில் மாறி மாறி விழுந்தன. கழுத்தில் துணி சுற்றிய எப்சிபாய் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் மரியஜான் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். “பொய் சொல்லுத வேலைய எனக்கிட்ட விடுங்க அண்ணாச்சி. உங்களுக்கு அது வராது. இல்லன்னா இன்னும் போலீஸ்ல இருந்திருப்பியல்லா.” சுயம்புலிங்கம் கேட்கவில்லை.

“எல்லாம் பாத்தாச்சும்மா,” என்றார் அவர், நின்றபடியே. “உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் நெசம். கணக்குல தப்பு இருக்கு.”

கட்டைகள் நிற்கவில்லை. “எந்த இடத்துல சார்?”

“மணல் கணக்குல.”

“மணலுக்குப் பத்துன்னுல்லா எழுதியிருந்தாவ. அது தப்பா?”

“பத்து சரிதான். மொத்தத்துல கொஞ்சம் குறைஞ்சு போச்சு.”

“எவ்வளவு குறைஞ்சுது?”

சுயம்புலிங்கம் தயங்கினார். ஏதாவது ஓர் எண் சொல்ல வேண்டும். அவர் மனசுக்குள் மூன்று நாளாக ஒரே எண்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு நாலரை காலன்.”

கட்டைகள் நின்றன.

மரியஜான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனான். நேசபாய் திண்டை மடியிலிருந்து மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள். ஒரு கட்டை உருண்டு நூலை இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் அதை எடுக்கவில்லை.

“நாலரை,” என்றாள். “அது ஒரு கேனுல்லா.”

“அதுக்கும் இதுக்கும்…”

“அண்ணன் அன்னைக்குச் சாயங்காலமே கேனைக் கொண்டு வச்சாரு. நான்தான் தூக்கி மத்த மூணு கேனோடயும் சேத்து அடுக்கினேன். ஒரே கனம் இருந்துது. அதனாலதான் அவியகிட்டகூடச் சொல்லல. சொன்னா அண்ணனை ஏசுவாவன்னு விட்டுட்டேன்.” அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “சார், தண்ணியும் பெட்ரோலும் ஒரே கனமா?”

சுயம்புலிங்கம் குனிந்து, உருண்ட கட்டையை எடுத்துத் திண்டின் மேல் வைத்தார்.

“கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“இல்ல. முக்கால் கேன் தண்ணியும் முழுக் கேன் பெட்ரோலும்தான் ஒரே கனம்.”

நேசபாய் அழவில்லை. தூங்கும் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, முகம் கழுவி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். செருப்பைப் போட்டாள்.

“எங்கம்மா போறீங்க?”

“யாரைக் காப்பாத்துதாவன்னு கேட்டேன். தெரிஞ்சுபோச்சுல்லா. இனி அவிய உள்ள இருக்கண்டாம்.”

“உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட வாக்கு வாங்கியிருக்காரு.”

“நீங்க வாக்குத் தவறலியே சார். நான்லா கண்டுபிடிச்சேன்.”

வாடகைக் கார் நிற்குமிடத்தில் இஸ்ரவேல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தங்கை வரும் நடையைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “வாங்க அண்ணே, போலீஸ் ஸ்டேசனுக்கு,” என்றாள். அவன் வண்டிச் சாவியைப் பக்கத்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் நடந்தான்.

*

கோர்ட்டில் இஸ்ரவேல் எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொண்டான். கேனைத் தானே எடுத்ததாகவும் தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னான். கூட்டத்திலிருந்து நேசபாய் எழுந்து, “நான்தான் எடுத்துக் குடுத்தேன்,” என்றாள். நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கேனுக்குள் இருந்தது தண்ணீர் என்று அவளுக்குத் தெரியாது என்பதால் அவள்மேல் வழக்கு இல்லை என்றார்கள். இஸ்ரவேலுக்குப் பதினெட்டு மாதம் விழுந்தது. யேசுரத்தினத்தை விட்டுவிட்டார்கள்.

அவன் வெளியே வந்த நாள் காலையில் சப்-ஜெயில் வாசலில் நான்கு பேர் நின்றார்கள். சுயம்புலிங்கமும் மரியஜானும் ஒரு பக்கம். நேசபாய் தனியாக. அவளிடமிருந்து ஒதுங்கி, புருஷனுக்குத் தூக்குச்சட்டியில் சோற்றோடு இஸ்ரவேலின் மனைவி. இந்த வழக்குக்கு முன்வரை இரண்டு பெண்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள். இப்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

யேசுரத்தினம் நேராகச் சுயம்புலிங்கத்திடம் வந்தான்.

“ஒண்ணுதான் கேட்டேன் உங்ககிட்ட.”

“நான் சொல்லல. ஒரு எண்ணு கேட்டாவ. வாயில வந்துட்டுது.”

“எண்ணு கேப்பான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவன் மனைவியிடம் திரும்பினான். “நீ பேசாம இருந்திருக்கலாம் நேசம். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. நான் இருந்துட்டு வந்திருப்பேன்.”

“எனக்க கையால குடுத்ததுக்கு நீங்க இருப்பியளா?” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. “நடங்க. மொதல்ல கோட்டாத்துக்குப் போவணும்.”

“அங்க எதுக்கு?”

“அந்த அம்மாவப் பாக்கணும்.”

இருவரும் பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள். சுயம்புலிங்கம் போக வேண்டிய வழி அதுவல்ல. ஆனாலும் அவர் கால்கள் அவர்கள் பின்னால் போயின. மரியஜானும் கூட வந்தான். “அண்ணாச்சி, நாம திரும்பிப் போயிருவோம்,” என்று இரண்டு தடவை சொன்னான். அதில் கேலி இல்லை.

முத்துநாயகத்தின் வீட்டுப் படியில் நேசபாய் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யேசுரத்தினம் அவளுக்குப் பின்னால் ஒரு படி கீழே. தெருவின் எதிர்ப்பக்கம், பூட்டிய கடையொன்றின் நிழலில் சுயம்புலிங்கமும் மரியஜானும் நின்றுகொண்டார்கள்.

கதவைத் திறந்தது வைகுண்டராஜன். அவன் முதலில் யேசுரத்தினத்தைப் பார்த்தான். தன் அப்பாவைத் தோளில் சுமந்தவன். பிறகு நேசபாயைப் பார்த்தான். அவள் கைகூப்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“உங்க பிள்ளைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டான் அவன்.

“தேவலை,” என்றாள் நேசபாய்.

அவன் தலையசைத்தான். வீட்டுக்குள்ளிருந்து சொர்ணம்மாளின் குரல் வந்தது.

“யாருல அது, வாசல்ல?”

வைகுண்டராஜன் கதவில் வைத்த கையை எடுக்காமல் அவர்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“யாருமில்லம்மா,” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.